காம்பவுண்டுச் சுவர் மட்டும் போதாது

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்திய உரை)

கூலி, போனஸ், பஞ்சப்படி, வேலைப்பளு என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்து நாசம் செய்கிறார்களே, சைபர் தாக்குதல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அதிலிருந்து தற்காத்துக்கொள்வது எப்படி என்பதுதான் அந்த விஷயம். "அது முதலாளியின் கவலை. அவன் பெட்டி, அவன் பூட்டு. நமக்கென்ன வந்தது?" என்று ஒரு தோழர் வாசற்படியிலேயே என்னைக் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ளும்படி என்னைக் கட்டாயப்படுத்தியது ஒரு சம்பவம்.

நானூறு குடும்பமும் ஒரு பையனும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் நடந்தது. ஆலையின் பெயர் இங்கே அவசியமில்லை. டைம் ஆபீசில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெர்மனென்ட் ஆகவில்லை. ஒருநாள் காலை கழிவுப் பஞ்சு வாங்கும் வியாபாரியிடமிருந்து வந்ததுபோல் ஒரு ஈமெயில் வந்தது. பில் இணைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. பையன் அதைத் திறந்தான். பில் எதுவும் இல்லை. திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாலு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது ஷிப்ட் உள்ளே போகும் நேரத்தில் ஆபீசிலிருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. வருகைக் கணக்கு, ஓவர்டைம் கணக்கு, பி.எஃப். பிடித்தம், எதையும் திறக்க முடியவில்லை. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல் கடிதம். அந்த மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போயிற்று. வட்டிக்கு வாங்கியவர்கள் வாங்கினார்கள். மளிகைக் கடைக்காரர் கடனை நிறுத்தினார். நிர்வாகம் அந்தப் பையனை சஸ்பெண்டு செய்தது.

தோழர்களே, நாமும் கொதித்தோம். ஆலைக் கேட்டுக்கு முன்னால் அவனைப் பார்த்து, "உன் ஒருத்தனால் நானூறு குடும்பத்து அடுப்பு எரியவில்லை" என்று நானே சொன்னேன். பிறகு அவனை உட்காரவைத்துக் கேட்டேன்: "உடனே சொல்லியிருக்கலாமே, ஏனப்பா சொல்லவில்லை?" அவன் சொன்னான்: "சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன் அண்ணே. சொல்லாமலும் போயிடுச்சு."

விசாரணையில் சங்கத்தின் சார்பில் நாங்கள் போய் உட்கார்ந்தோம். அங்கே வெளிவந்த சங்கதிகளைக் கேளுங்கள். ஐந்து குமாஸ்தாக்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சம்பளக் கணக்கின் நகலை அதே கம்ப்யூட்டரில் செருகியிருந்த பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர்களுக்கு வரவேண்டிய திருத்தங்கள் வருஷக்கணக்கில் போடப்படவில்லை. செலவு என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். கேட்டில் கைப்பட எழுதிவந்த வருகைப் பதிவேட்டையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். பையன் ஒரு கடிதத்தைத் திறந்தான். நாள் முழுதும் கடிதம் திறப்பதுதானே அவன் வேலை? இத்தனை கதவையும் திறந்துபோட்டு வைத்தவர்கள் யார்? அந்தக் கேள்வியை வைத்துப் போராடித்தான் அவனை வேலைக்கு மீட்டோம். கேட்டில் நான் பேசிய பேச்சுக்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

வாசற்படியில் கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான்: பூட்டு முதலாளியுடையது. ஆனால் பெட்டிக்குள் இருப்பது நம்முடைய சம்பளக் கணக்கு. தாக்குதல் வந்தால் அடியும் நமக்கு, பழியும் நமக்கு.

புது உருவத்தில் துப்புக்கூலி

நம் கிராமங்களில் பெரியவர்களைக் கேட்டால் துப்புக்கூலி என்று ஒரு சொல் சொல்வார்கள். இரவோடு இரவாக மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். மறுநாள் ஒரு தரகன் வருவான். "மாடு இருக்கும் இடம் எனக்குத் தெரியும், இவ்வளவு கொடு" என்பான். கொடுத்தால் மாடு திரும்பும். சில சமயம் பணமும் போகும், மாடும் வராது.

இன்றைய சைபர் கொள்ளை அதே தொழில்தான். மாட்டுக்குப் பதில் கணக்குகளை மறைக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போவதுகூட இல்லை. இருந்த இடத்திலேயே ரகசிய எழுத்தாக மாற்றிப் பூட்டி, சாவிக்கு விலை கேட்கிறார்கள். இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். இப்போது இன்னொரு படியும் ஏறிவிட்டார்கள். பூட்டுவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, "பணம் தராவிட்டால் உங்கள் ரகசியங்களை ஊரறிய வெளியிடுவோம்" என்றும் மிரட்டுகிறார்கள்.

இதனால் நஷ்டப்படுவது யார்? இங்கிலாந்தில் கே.என்.பி. என்று ஒரு லாரிக் கம்பெனி இருந்தது. 158 வருஷப் பழமையுள்ள ஸ்தாபனம். 2023-ல் திருடர்கள் புகுந்து அதன் கணக்குகளைப் பூட்டினார்கள். ஒரு ஊழியரின் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்துத்தான் நுழைந்தார்கள் என்று நம்பப்படுகிறது. கம்பெனி அந்த வருஷமே மூழ்கிற்று. சுமார் 700 பேருக்கு வேலை போயிற்று.

2025 ஆகஸ்ட் கடைசியில் ஜாகுவார் லேண்ட் ரோவர் மோட்டார் கம்பெனிக்கு அடி விழுந்தது. இது நம் நாட்டு டாட்டா குழுமத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்திலுள்ள அதன் தொழிற்சாலைகளில் சுமார் ஐந்து வாரம் கார் உற்பத்தி நின்றது. மொத்த நஷ்டம் 190 கோடி பவுன் என்று அங்கே மதிப்பிட்டார்கள். ஆனால் கவனியுங்கள்: பெரிய கம்பெனிக்கு பாங்குக் கடன் கிடைக்க அந்நாட்டு சர்க்கார் 150 கோடி பவுனுக்கு ஜாமீன் நின்றது. அதற்கு போல்ட்டும் சீட்டும் கம்பியும் செய்துகொடுக்கும் சிறு கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கு யார் ஜாமீன்? அவர்களில் பலர் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார்கள் என்று அங்குள்ள தொழிற்சங்கம் அந்த வாரங்களிலேயே முறையிட்டது. அவர்களில் ஒருவர்கூட அந்தப் பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

விவசாயத் தொழிலாளிக்கும் இது தூரத்து விஷயமல்ல. 2024 ஜூலை கடைசியில் நம் நாட்டில் கூட்டுறவு பாங்குகளுக்கும் கிராம பாங்குகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை செய்யும் சி-எட்ஜ் என்ற ஒரே கம்பெனி தாக்கப்பட்டது. சுமார் 300 சிறு பாங்குகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பவும் எடுக்கவும் முடியாமல் தவித்தார்கள். நோய் பரவாமலிருக்க தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்தக் கம்பெனியின் இணைப்பைத் துண்டித்துவைத்து, சோதனைக்குப் பின் மறுநாள் திரும்பக் கொடுத்தது. துண்டித்தது சரியான காரியம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் 300 பாங்கின் கதவும் ஒரே கீலில் தொங்கியது என்பதை மறக்கவேண்டாம்.

சுவரை நம்பியவர்கள் கதி

இனி தற்காப்பு முறைக்கு வருவோம். பழைய முறை ஆலைக் காம்பவுண்டுச் சுவர் மாதிரி. சுற்றிலும் உயரமான சுவர், ஒரே கேட், கேட்டில் வாட்ச்மேன். கம்ப்யூட்டர் உலகில் அந்த வாட்ச்மேனுக்கு ஃபயர்வால் என்று பெயர். வெளியிலிருந்து வருபவனை அவன் சோதிப்பான். உள்ளே வந்துவிட்டால் புளோரூமுக்குப் போகலாம், கார்டிங்குக்குப் போகலாம், கோடவுனுக்குப் போகலாம், கேஷியர் அறைக்கும் போகலாம். கேட்பாரில்லை.

இந்த முறையின் பலவீனத்தை 2017 ஜூன் 27-ந் தேதி உலகம் பார்த்தது. உக்ரைன் நாட்டில் வரிக் கணக்கு எழுதப் பல கம்பெனிகள் உபயோகித்த ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு வரும் திருத்தங்களோடு கலந்து ஒரு நாசகாரக் கிருமியை அனுப்பினார்கள். நாட்பெட்யா என்று அதற்குப் பெயர். உக்ரைனில் கிளை வைத்திருந்த டென்மார்க் கப்பல் கம்பெனியான மேர்ஸ்க்கிலும் அது நுழைந்தது. ஒரு மூலையில் நுழைந்தது உலகம் பூராவும் பரவிற்று. அறைக்கு அறை தடுப்பு இல்லாததே காரணம். நம் மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் கம்பெனி நடத்தும் பகுதியிலும் வேலை ஸ்தம்பித்தது. 45,000 கம்ப்யூட்டர்களையும் 4,000 சர்வர்களையும் பத்தே நாளில் புதிதாக அமைக்கவேண்டி வந்தது என்று அதன் தலைவர் பின்னர் பகிரங்கமாகச் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

அதில் ஒரு வேடிக்கை. யார் யாருக்கு எங்கே அனுமதி என்ற மூலப் பதிவேடு அந்தக் கம்பெனியில் நூற்றுக்கு மேற்பட்ட சர்வர்களில் இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று தானாகத் திருத்திக்கொள்ளும். ஆகவே எல்லாம் ஒருசேர அழிந்தன. ஒன்றே ஒன்று பிழைத்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலிருந்த சர்வர் அது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது! அந்த மின்வெட்டுதான் உலகக் கப்பல் கம்பெனியைக் காப்பாற்றிற்று. தனியாகத் துண்டித்து வைத்த நகல் ஒன்று இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஆனால் மின்வெட்டை நம்பித் தொழில் நடத்த முடியாதல்லவா?

புதிய முறை: ஐந்து காரியங்கள்

புதிய முறைக்கு ஜீரோ டிரஸ்ட் என்று பெயர். 2010-ல் ஜான் கிண்டர்வாக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்தப் பெயரைப் பிரபலப்படுத்தினார். 2020 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்காரின் தரநிர்ணய ஸ்தாபனம் இதற்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டது. சாராம்சம் ஒரே வாக்கியம்: சுவருக்கு உள்ளே இருக்கிறான் என்ற காரணத்துக்காக எந்த இணைப்பையும் நம்பாதே, ஒவ்வொரு கதவிலும் சோதித்த பிறகே அனுமதி. இதை நடைமுறையில் ஐந்து காரியங்களாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு சாவி. பாஸ்வேர்டு என்பது ஒரு சாவி. அதைத் திருடலாம், ஊகிக்கலாம். ஆகவே கைப்பேசியில் வரும் எண்ணோ, கையில் வைத்திருக்கும் ஒரு சிறு கருவியோ இரண்டாவது சாவியாக வேண்டும். 2021 மே 7-ந் தேதி அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய்க் கம்பெனி தாக்கப்பட்டது. அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ பாதி அந்தக் குழாயில்தான் போகிறது. திருடர்கள் எப்படி நுழைந்தார்கள்? உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய கணக்கு, அதற்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு, இரண்டாவது சாவி கிடையாது. பல நாள் குழாய் நின்றது. பெட்ரோல் பங்குகளில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். கம்பெனி 44 லட்சம் டாலர் துப்புக்கூலி கொடுத்தது. கிடைத்த சாவி மிக மெதுவாகத் திறந்ததால் தன்னிடமிருந்த நகலை வைத்தே வேலையைத் தொடரவேண்டி வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்க சர்க்கார் பின்னர் மீட்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. நீங்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்தான் உங்கள் இரண்டாவது சாவி. பாங்கு மானேஜர் என்று சொல்லிக்கொண்டு யார் போனில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அறை அறையாகப் பிரிப்பது. பஞ்சுக் கோடவுனை ஆலையிலிருந்து தள்ளி ஏன் கட்டுகிறார்கள்? ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்பதற்காக. வயலை வரப்பு கட்டிப் பிரிப்பதும் ஒரு பாத்தியின் உடைப்பு மற்றதைக் காலி செய்யாமலிருக்கத்தான். கம்ப்யூட்டர்களையும் அப்படிப் பிரிக்கவேண்டும். டைம் ஆபீசிலிருந்து யந்திரங்களை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு வழி இருக்கக் கூடாது. அவரவர் வேலைக்கு வேண்டிய கதவு மட்டும் அவரவருக்குத் திறக்கவேண்டும். 2013-ல் அமெரிக்காவில் டார்கெட் என்ற கடைத்தொடரில் 4 கோடி பாங்கு அட்டைகளின் விவரம் களவு போயிற்று. திருடர்கள் கையில் கிடைத்தது, அந்தக் கடைகளின் குளிர்சாதன வேலை பார்த்த ஒரு காண்டிராக்ட் கம்பெனியின் பாஸ்வேர்டு. குளிர்சாதனக்காரரின் கதவு வழியாக நுழைந்தவன் கல்லாப்பெட்டி வரை போக முடிந்தது எப்படி? நடுவில் போதிய வரப்பு இல்லை. சி-எட்ஜ் விஷயத்தில் இணைப்பைத் துண்டித்தது சரி என்று சொன்னேனே, காரணம் இதுதான். உடைப்பெடுத்த பாத்தியை முதலில் தனியாக்கவேண்டும்.

மூன்றாவது, நண்டுவளையை அடைப்பது. வரப்பில் நண்டு துளைத்த வளையைப் பார்த்தால் விவசாயத் தொழிலாளி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடமாட்டார். அன்றே மிதித்து அடைப்பார். மென்பொருளிலும் அப்படி வளைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செய்த கம்பெனி அடைப்புக்கான திருத்தத்தை அனுப்பும். அதை உடனே போடவேண்டும். 2017 மார்ச் 14-ந் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஒரு முக்கியமான திருத்தத்தை வெளியிட்டது. போடாதவர்கள் ஏராளம். மே 12-ந் தேதி வானாக்ரை என்ற கிருமி அதே வளை வழியாக 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் புகுந்தது. இங்கிலாந்தின் பொது ஆஸ்பத்திரிகளில் சுமார் 19,000 நோயாளிகளின் சிகிச்சை ஏற்பாடுகள் ரத்தாயின என்று மதிப்பிட்டார்கள். கிருமிக்கும் மருந்துக்கும் நடுவே இரண்டு மாதம் இருந்தது. போட ஆளில்லை, போட்டவர்கள் தப்பினார்கள்.

நான்காவது, விதைநெல். சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் ஒரே குதிரில் யாரும் கொட்டுவதில்லை. விதையைக் காயவைத்து, தனியே கோட்டை கட்டி, எலியும் ஈரமும் எட்டாத இடத்தில் வைப்பார்கள். கணக்குகளின் நகல் விதைநெல். மூன்று பிரதி இருக்கவேண்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கவேண்டும் என்பது பொது விதி. அதில் ஒன்று எந்தக் கம்பியிலும் மாட்டாமல் துண்டித்து இருக்கவேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதை முளைக்குமா என்று ஈரச்சாக்கில் போட்டுப் பார்ப்போமல்லவா? நகலிலிருந்து கணக்கைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கவேண்டும். சோதிக்காத நகல் நகல் அல்ல.

ஐந்தாவது, உள்ளே கண்காணிப்பும், பயமில்லாமல் சொல்லும் பழக்கமும். திருடன் நுழைந்த அன்றே அடிப்பதில்லை. வாரக்கணக்கில் பதுங்கியிருந்து வீட்டை அளப்பான். நள்ளிரவில் டைம் ஆபீஸ் கணக்கிலிருந்து ஆயிரம் கோப்புகளை யாரோ புரட்டினால் மணி அடிக்கவேண்டும். அந்த மணியைக் கேட்டு எழ ஓர் ஆள் வேண்டும். மணியைவிட வேகமானது மனிதனின் வாய். "நான் ஒரு தப்பான கடிதத்தைத் திறந்துவிட்டேன்" என்று ஐந்து நிமிஷத்தில் ஒருவர் சொன்னால் ஒரு கம்ப்யூட்டரோடு போகும். நாலு மணி நேரம் மறைத்தால் ஆலையே போகும். நம் நாட்டில் 2022 ஏப்ரலில் சர்க்காரின் செர்ட்-இன் அமைப்பு ஒரு கட்டளை போட்டது. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் தகவல் தெரிவிக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. நல்லது. ஆனால் சொன்னால் வேலை போகும் என்ற நிலையில் குமாஸ்தா எப்படி முதலாளிக்குச் சொல்வான்? முதலாளிக்குத் தெரியாமல் சர்க்காருக்கு எப்படித் தெரியும்?

பழைய தொழிலாளிகள் திரும்பி வந்த கதை

இவ்வளவும் செய்தாலும் அடி விழாது என்று யாரும் உறுதி கூற முடியாது. விழுந்தால் எப்படி நிற்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நார்வே நாட்டில் நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினியக் கம்பெனி இருக்கிறது. தாக்குதல் நடந்தபோது அதற்கு 40 நாடுகளில் 35,000 தொழிலாளிகள் இருந்தார்கள். 2019 மார்ச் 19-ந் தேதி அதன்மேல் தாக்குதல் விழுந்தது. நம்பிக்கையான ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த ஈமெயிலை மூன்று மாதத்துக்கு முன்பு ஓர் ஊழியர் திறந்ததுதான் ஆரம்பம். நம் டைம் ஆபீஸ் பையன் திறந்தது மாதிரியேதான். உலகப் பெரிய கம்பெனியிலும் அது நடக்கும்.

அவர்கள் மூன்று காரியம் செய்தார்கள். துப்புக்கூலி ஒரு காசும் கொடுக்கமாட்டோம் என்றார்கள். நடந்ததை மூடி மறைக்காமல் பத்திரிகைகளைக் கூட்டி அன்றாடம் பகிரங்கமாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் கையால் வேலையை நடத்தினார்கள். கம்ப்யூட்டரை இணைக்காதீர்கள் என்று வாசலில் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். ஆர்டர்களைக் காகிதத்தில் வாங்கினார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழைய தொழிலாளிகள் சிலர் திரும்பி வந்து, காகிதத்தை வைத்து வேலை நடத்துவது எப்படி என்று இளைஞர்களுக்கு உதவினார்கள். பின்னர் தனியே வைத்திருந்த நகல்களிலிருந்து கணக்குகளை மீட்டார்கள். நஷ்டம் சுமார் 7 கோடி டாலர். சிறிய தொகையல்ல. ஆனால் கம்பெனி நின்றது, தொழிலாளியும் நின்றான்.

தோழர்களே, இதை ஆழ்ந்து சிந்தியுங்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள யந்திரம் படுத்துவிட்ட நாளில், வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிய தொழிலாளியின் கைப்பழக்கமும் ஞாபகமும்தான் தோள் கொடுத்தன. கைவேலை தெரிந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பதிவேட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டு, எல்லாம் பட்டனில் ஆகும் என்று சொல்லும் நிர்வாகம் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது.

காவல் யாருக்கு?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "யாரையும் நம்பாதே" என்ற இந்த முறையைச் சில நிர்வாகங்கள் வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். பாதுகாப்பு என்ற பெயரில் தொழிலாளி எத்தனை நிமிஷம் கக்கூசில் இருந்தான், யாரோடு பேசினான், சங்கக் கூட்டத்துக்குப் போனானா என்று வேவு பார்க்கக் கிளம்பும். இது அந்த முறையே அல்ல. சோதிக்கவேண்டியது கம்ப்யூட்டரின் இணைப்பை, பாஸ்வேர்டை, கருவியை. தொழிலாளியின் நாணயத்தை அல்ல. மேலும் விரல் ரேகை, முகப் படம், குடும்ப விவரம் என்று தேவைக்கு மேல் சேகரித்து வைத்தால், திருடன் வந்தால் கொண்டுபோவது அதைத்தான். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். விரல் ரேகை போனால் வேறு விரல் முளைக்குமா?

இன்னொரு பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கமாட்டேன். ஐம்பது தறி வைத்துக் கடனில் ஓடும் சிறு முதலாளியால் நிபுணர்களை வேலைக்கு அமர்த்த முடியாது என்பது உண்மை. ஆனால் நான் சொன்ன ஐந்தில் பலவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, இரண்டாவது சாவி, திருத்தத்தை உடனே போடுவது, துண்டித்து வைத்த ஒரு நகல், திட்டாமல் கேட்கும் காது. இவற்றுக்கு வேண்டியது ஒழுங்கு.

நம் கோரிக்கைகள்

ஆகவே அடுத்த முறை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேச உட்காரும்போது, கூலி உயர்வோடு இவற்றையும் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று: தவறான கடிதத்தைத் திறந்தவர் உடனே சொன்னால் அவர்மேல் எந்த நடவடிக்கையும் கூடாது. இதை எழுத்தில் வாங்கவேண்டும்.

இரண்டு: வருகைக்கும் சம்பளத்துக்கும் கைப்பட எழுதும் பதிவேடு ஒன்று எப்போதும் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் படுத்தாலும் சம்பளத் தேதி தவறக் கூடாது.

மூன்று: தாக்குதலால் ஆலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி உண்டு. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் உண்டு.

நான்கு: கம்ப்யூட்டரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் வேலை நேரத்திலேயே பயிற்சி. வருஷத்துக்கு ஒருமுறையாவது, தீயணைப்பு ஒத்திகை மாதிரி, கம்ப்யூட்டர் இல்லாமல் ஒருநாள் வேலை நடத்தும் ஒத்திகை.

ஐந்து: நம்மைப் பற்றி என்னென்ன விவரம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சங்கத்துக்குத் தெரியவேண்டும்.

கிராமத்துத் தோழர்களுக்கு: உங்கள் கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். நம் கடன் கணக்கின் நகல் எங்கே இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து சோதித்தது எப்போது? பாங்குப் புத்தகத்தில் மாதம் ஒருமுறை வரவுசெலவைப் பதியச் சொல்லி வாங்கி வையுங்கள். கம்ப்யூட்டரில் கணக்கு அழிந்தால் உங்கள் கையிலிருக்கும் அந்தக் காகிதமே சாட்சி.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இன்று அவன் பெர்மனென்ட். அதே டைம் ஆபீசில்தான் இருக்கிறான். போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதேபோல் ஒரு கடிதத்தைத் திறந்துவிட்டு நடுங்கிக்கொண்டு அவனிடம் வந்திருக்கிறாள். "பயப்படாதேம்மா, முதல்ல கம்பியைப் பிடுங்கு" என்று சொல்லி, அவனே போய் நிர்வாகத்துக்குத் தெரிவித்திருக்கிறான். ஒரே ஒரு கம்ப்யூட்டர் போயிற்று. அந்த மாதம் சம்பளம் தேதி தவறாமல் வந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைக் கேட்டு வந்து அடுத்த வகுப்பில் சொல்கிறேன்.